எதை இழக்காமல் இளைப்பது?

1

ஜிம்மில் யாரும் ‘இளைக்கிறேன்’ என்று சொல்வதில்லை. ‘கட்டிங்ல இருக்கேன்’ என்பார்கள். இளைப்பது நோயாளிக்கும், காதலில் விழுந்தவருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தானாக நடப்பது. பார்க்கிறவர்கள் ‘என்ன இப்படி எளைச்சுட்ட?’ என்று கவலையோடு கேட்பார்கள். கட்டிங் வேறு. தையல்காரர் துணியை வெட்டுவது போல, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை மட்டும் வெட்டி எடுப்பது. வேண்டாதது கொழுப்பு, வேண்டியது தசை. எடை ஐந்து கிலோ குறைந்தது என்று சொன்னால் எங்கள் மாஸ்டர் பாராட்ட மாட்டார். ‘எங்கேர்ந்து கொறஞ்சுது?’ என்று கேட்பார்.

நான் மேடை ஏறுகிறவன் இல்லை. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் ஜிம்முக்குப் போகிறேன். கடந்த நான்கு வருடங்களில் மூன்று முறை கட்டிங் செய்திருக்கிறேன். முதலில் ‘எங்கேர்ந்து கொறஞ்சுது’ என்பது எனக்கு வெறும் உடற்பயிற்சிக் கேள்வியாகத்தான் இருந்தது. போகப்போக அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. ஒன்றை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிறோம். விட நினைத்ததை மட்டும் விட முடியுமா? கூடவே வேறு ஏதாவது போய்விடாதா? போனால், அதைக் கவனிக்க வேண்டியது யார்?

உடம்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் செலவாவதைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் பதினைந்து நாளில் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டும். இது நம் கணக்கு. உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் வரவு குறைந்துவிட்டது என்பது மட்டும்தான். வெளியே மழை பொய்த்ததா, ஊரில் சண்டையா, இல்லை இவன் கண்ணாடி முன்னால் நின்று ஏதாவது முடிவெடுத்தானா என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை.

வரவு குறைந்த வீட்டில் என்ன செய்வார்கள்? பெட்ரோல் குடிக்கிற காரை விற்பார்கள், வங்கியில் போட்டதை முடிந்தவரை தொடாமல் வைப்பார்கள். உடம்புக்கும் இந்த யோசனை உண்டு. ஒரு கிலோ தசை சும்மா இருப்பதற்கே நாளைக்கு சுமார் 13 கலோரி கேட்கும். ஒரு கிலோ கொழுப்புக்கு நாலரை கலோரி போதும். தவிர, மூளைக்குத் தினமும் நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலத்திலிருந்து அதைச் செய்ய முடியாது. தசையை உடைத்து வரும் அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் செய்துகொள்ளும். அதனால்தான் பயிற்சி எதுவும் இல்லாமல் வெறுமனே சோற்றைக் குறைப்பவர்களுக்குப் போகிற எடையில் சுமார் கால்வாசி கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போகிறது. நாம் உடம்பிடம் கேட்பது இதற்குத் தலைகீழ். சேமிப்பைச் செலவு செய், காரை வைத்துக்கொள் என்கிறோம். பஞ்சகாலத்தில் இப்படிக் கேட்பவனை எந்தக் குடும்பமும் கிறுக்கன் என்றுதான் சொல்லும்.

2

ஆனாலும் உடம்பைச் சம்மதிக்க வைக்கலாம். எப்படி என்பது இன்று பெரிய ரகசியம் இல்லை. புரதம் நிறைய வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எழுபது கிலோ ஆளுக்கு இது 112 முதல் 154 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும். இரண்டாவது, அவசரப்படக்கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை குறைந்தால் போதும். மூன்றாவது தூக்கம். நான்காவது பளு.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கொஞ்சம் பருமனான 40 இளைஞர்கள். நான்கு வாரம். தேவையைவிட 40 சதவீதம் குறைவான சாப்பாடு, வாரத்தில் ஆறு நாள் கடுமையான பயிற்சி. பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். அதிகம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள். அவர்களுடைய கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. பட்டினிக்கு நடுவிலேயே தசை வளர்ந்திருக்கிறது. ஜிம்காரர்கள் இந்த ஆய்வைப் புரதத்துக்காகத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பாதி. புரதம் குறைவாகச் சாப்பிட்டவர்களும் மூன்றரை கிலோ கொழுப்பை இழந்தார்கள், அவர்களுடைய தசையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எல்லோரும் பளு தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டிங் ஆரம்பித்ததும் எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, வேர்க்க வேர்க்கச் செய்வது பழைய ஜிம் வழக்கம். எங்கள் மாஸ்டர் அதைச் செய்ய விடமாட்டார். ‘செட்ட வேணா கொறச்சுக்கோ. வெயிட்ட கொறைக்காத. நீ கொறச்சா, சரி இவனுக்கு இது தேவையில்ல போலன்னு ஒடம்பு எடுத்துக்கும்.’ உடற்கூறு படித்தவர்கள் இதையே நீட்டிச் சொல்வார்கள். தசை வைத்த இடத்தில் இருக்கும் பொருள் கிடையாது. அது தினமும் இடிந்து தினமும் கட்டப்படுகிறது. இடிப்பதும் கட்டுவதும் சமமாக இருக்கும்வரை நம் கண்ணுக்கு அது நிலையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாவுக்கட்டுப் போட்ட காலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆறே வாரத்தில் கெண்டைக்கால் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருக்கும். நேற்றுவரை வேண்டியிருந்தது என்பதற்காக உடம்பு எதையும் வைத்துக்கொள்வதில்லை. இன்றைக்கு வேண்டுமா என்று கேட்கிறது. நாம் தூக்குகிற பளுதான் அதற்குப் பதில்.

3

தசையைக் காப்பாற்றும் வழி தெரிந்துவிட்டது. இனி தசைக்கு வெளியே இருப்பவற்றைப் பார்க்கலாம்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியங்கியலாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வதங்கிய லட்சக்கணக்கானவர்களை எப்படித் தேற்றுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாராவது பட்டினி கிடக்க வேண்டும். 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் ராணுவத்தை மறுத்தவர்கள். 24 வாரங்கள் நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி, வாரத்துக்கு 22 மைல் நடை. சாப்பாடு பெரும்பாலும் உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது.

இன்று இணையத்தில் கிடைக்கும் பல கட்டிங் அட்டவணைகளில் இதைவிடக் குறைந்த கலோரி இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அது நிற்க. அந்த இளைஞர்களுக்குப் புரதமும் குறைவு, பளுவும் இல்லை. அதனால் தசை போனது. ஆச்சரியம் அதில் இல்லை. கூடவே வேறு பலதும் போனது. கோடையிலும் குளிர்ந்தது. நகைச்சுவை போனது. பெண்கள் மீதிருந்த நாட்டம் போனது. உலகப் போரைப் பற்றி, அறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிக் கதைப் புத்தகம் போல வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பதே தெரியவில்லை, மற்றவர்கள்தான் அநியாயத்துக்குப் பருமனாக இருப்பதாகப் பட்டது. சாப்பாட்டைக் கூட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகும் எவ்வளவு தின்றாலும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. ஒருவர் விறகு பிளக்கும்போது தன் கைவிரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரா, தவறி நடந்ததா என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த அடங்காத பசிக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் நோய், யானைத்தீ. பன்னிரண்டு ஆண்டுகள் என்ன தின்றாலும் அணையாத நெருப்பு. அதைச் சாபம் என்கிறது காப்பியம். போட்டி முடிந்த மறுநாள் தொடங்கி இரண்டு வாரம், வயிறு வலிக்க வலிக்கத் தின்றும் நிறுத்த முடியாமல் தவித்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் சொன்னான்: ‘வயிறு ரொம்பிடுச்சு அண்ணா, பசி மட்டும் போகல.’

இவர்கள் பலவீனமானவர்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. மினசோட்டாவுக்குப் போனவர்கள் ஒரு நாடே போருக்குப் போகும்போது மாட்டேன் என்று சொன்ன மனவுறுதி உள்ளவர்கள். மனவுறுதி என்று நாம் சொல்வது உடம்புக்கு மேலே தனியாக உட்கார்ந்து உத்தரவு போடுகிற ஒன்று என்றால், சோறு குறைவதால் அது ஏன் குறைய வேண்டும்? உத்தரவு போடுகிறவனும் அதே சோற்றில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் கொழுப்பைக் குறைக்கிறேன் என்று சொல்லும்போது, அந்த ‘நான்’ குறையும் பட்டியலுக்கு வெளியே இல்லை.

4

என் அம்மா விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரர். சின்ன வயதில் ஒருவேளைக் கூழ் கிடைத்த நாளை நல்ல நாளாக நினைவில் வைத்திருப்பவர். போன வருடம் கட்டிங்கின் மூன்றாவது வாரத்தில், சமையல்கட்டில் சின்னத் தராசை வைத்து நான் சோற்றை நிறுத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தார். நூற்றைம்பது கிராம் வந்ததும் கரண்டியை வைத்தேன்.

‘நாங்கல்லாம் இல்லாம பட்டினி கெடந்தோம். நீ வச்சுக்கிட்டே கெடக்குற. இது யாரு மேலடா கோவம்?’

கேள்வியின் முதல் பாதி எனக்குப் புதிதில்லை. இல்லாதவர்களின் பசியை இருப்பவர்கள் விளையாட்டாக எடுத்துச் செய்வது அவமதிப்பு இல்லையா என்பது பழைய கேள்வி. இரண்டாம் பாதிதான் என்னை நிறுத்தியது. யார் மேல் கோபம்? நம் வீடுகளில் ‘எனக்கு சாப்பாடு வேணாம்’ என்பது எப்போதுமே யாரையோ பார்த்துச் சொல்லப்படுவது. அப்பாவோடு சண்டை என்றால் தட்டைத் தள்ளுகிறோம். ‘சோத்து மேல கோவத்தக் காட்டாத’ என்று பாட்டி சொல்வார். விரதம் சாமியைப் பார்த்துச் சொல்வது. உண்ணாவிரதம் அரசைப் பார்த்துச் சொல்வது. 1952இல் ஆந்திரா தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் கிடந்து இறந்தார். 1956இல் தமிழ்நாடு என்று பெயர் கேட்டு விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் கிடந்து இறந்தார். அந்தப் பசிகளுக்கு முகவரி இருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் வாங்கினார்களா என்பது வேறு கதை. என் பசிக்கு முகவரி எது? அம்மா சமைத்ததை நான் ஒதுக்குகிறேன். அது அவருக்கு அனுப்பப்பட்ட கடிதமில்லை என்றால் யாருக்கு அனுப்பியது? இதைத்தான் அவர் கேட்டார்.

எங்கள் ஜிம்மில் ஓர் அண்ணன் இருக்கிறார். காசிமேட்டில் லோடு வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு ஐஸ் பெட்டியும் மீன் பெட்டியும் தூக்க ஆரம்பிப்பார். மாவட்ட அளவுப் போட்டிக்காகப் பதினான்கு வாரம் கட்டிங் இருந்தார். அம்மாவின் கேள்வியை அவரிடம் சொன்னேன். பசி பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் அவர் என்பதால்.

‘இன்னா தம்பி, பசி எனக்குப் புதுசா? அது அதுவா வந்த பசி. இது நானா வரவெச்ச பசி. பதினேழு வயசுலேர்ந்து தூக்குறேன். இந்தத் தோளு யாருக்கு ஒழைச்சுச்சு சொல்லு? மீனுக்கு, ஐஸுக்கு. சாயங்காலம் இங்க வந்து தூக்குறது மட்டுந்தான் எனக்கு.’

உடற்கட்டைக் கண்ணாடி முன் நின்று செய்யும் தற்பெருமை என்று இலக்கியவாதிகள் ஒதுக்குவதுண்டு. நானும் அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். உடம்பைத் தவிர வேறு முதலீடு இல்லாத, அந்த உடம்பும் காலையிலிருந்து இரவுவரை அடுத்தவருக்கு வாடகைக்குப் போகிற ஒருவருக்கு, தன் தோளைத் தனக்காகக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வதை நான் தற்பெருமை என்று சொல்ல மாட்டேன். 1952இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியின் உயரம் குறைந்தவர்கள் பிரிவில் வென்ற மனோகர் ஐச், நாலடி பதினொரு அங்குலம்தான். விமானப்படையில் இருந்தபோது பிரிட்டிஷ் அதிகாரியை அடித்ததற்காகச் சிறைக்குப் போய், அங்கே கருவிகள் இல்லாமலே பயிற்சி செய்தவர். தன் உடம்பு தன்னுடையது என்று காட்ட வேண்டிய தேவை சிலருக்கு மற்றவர்களைவிட அதிகம்.

ஆனால் அண்ணன் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. ‘வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. முட்டையில வெள்ளக்கரு எனக்கு, மஞ்சக்கரு அதுங்களுக்கு.’ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வீட்டில் வாங்கும் முட்டைகளின் எண்ணிக்கை அந்தப் பதினான்கு வாரத்தில் கூடியிருக்கும். அந்தப் பணம் எதிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தானாக வரவழைத்த பசிகூட ஒருவர் வயிற்றோடு முடிந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதற்குச் சமைக்கிறார், யாரோ மஞ்சள்கருவைத் தின்கிறார், யாரோ கோபத்தைத் தாங்கிக்கொள்கிறார்.

5

போட்டி அன்று நான் கூடப் போயிருந்தேன். கடைசி இரண்டு நாள் அண்ணன் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். தோலுக்கடியில் இருக்கும் நீர் போனால் தசையின் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது நம்பிக்கை. எண்ணெய் பூசி விளக்குக்குக் கீழே நின்றபோது முதுகு மரம் பிளந்தது போல இருந்தது. கீழே பையன்கள் விசிலடித்தார்கள். எனக்கு மட்டும் சற்று முன்னால் பார்த்தது மறக்கவில்லை. மேடைக்கு ஆறே படி. மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் ஓடுகிறவர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார்.

உடற்கட்டுப் போட்டியின் விநோதம் இது. வருடத்தில் ஒருவர் மிகவும் பலசாலியாகத் தெரியும் நாள்தான் அவர் மிகவும் பலவீனமாக இருக்கும் நாள். அப்படியானால் மேடையில் நிற்கும் உடம்பு பொய் சொல்கிறதா?

கூத்தில் பீமன் வேஷம் கட்டுகிறவருக்குப் பீமன் பலம் இருக்க வேண்டியதில்லை. அவரை யாரும் பொய்யர் என்பதில்லை. பார்ப்பவர்களுக்கும் அது வேஷம் என்று தெரியும். உடற்கட்டு மேடையையும் அப்படிப் பார்க்கலாம், சக்தியைப் பற்றிய ஒரு கூத்து என்று. மேடைக்குப் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். சிக்கல், விசிலடிக்கும் பையனுக்குத் தெரியாது என்பதுதான். சில மணி நேரம் மட்டும் நிற்கும் ஓர் உடம்பைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். அது வருடம் முழுக்க அப்படியே இருக்கும் என்று அவன் நம்புகிறான். 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்த பிறகு சிக்ஸ் பேக் என்ற சொல் தெருவுக்குத் தெரு புழங்கியது. 2015 பொங்கலுக்கு வந்த ‘ஐ’ படத்தில் விக்ரம் வட சென்னை உடற்கட்டு வீரனாக உடம்பை ஏற்றினார், அதே படத்துக்காக எலும்பும் தோலுமாக இறக்கினார். ஒரு படத்துக்குள்ளேயே அந்த உடம்பு தங்கவில்லை. சுவரொட்டியில் மட்டும் தங்கியது.

ஆந்திரியாஸ் முன்ஸர் என்று ஓர் ஆஸ்திரியர் இருந்தார். தோலுக்கும் தசைக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்பது போன்ற உடம்பு. கொழுப்பை இழந்து தசையைக் காப்பது என்ற கலையை அவர் அளவுக்குக் கொண்டுபோனவர்கள் சிலரே. 1996 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு பெரிய போட்டியில் மேடை ஏறினார். இரண்டு வாரத்துக்குள் மியூனிக்கில், உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்துபோனார். வயது 31. ஊக்கமருந்துகளும் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் மருந்துகளும் அந்த மரணத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. மருந்தைப் பழித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. எனக்கு அதில் தெரிவது ஒரு கணக்கின் முடிவு. காக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் வெட்டலாம் என்று பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலில் கல்லீரலும் இதயமும்கூட வந்துவிடும்.

6

அறம் பற்றி எழுதிய பழைய கிரேக்கர் அரிஸ்டாட்டில், நடுநிலை என்றால் என்ன என்று விளக்க ஒரு மல்லனின் சாப்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். மிலோ என்ற மல்லன். தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கி, அது காளையாகும்வரை தூக்கியதாக ஜிம்களில் சொல்லப்படும் கதைக்குச் சொந்தக்காரன். பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்றால், நடுவில் ஆறு என்று பயிற்சியாளர் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட மாட்டார் என்கிறார். ஆறு பங்கு மிலோவுக்குப் போதாது, நேற்றுச் சேர்ந்தவனுக்கு அதிகம். அளவு ஆளைப் பொறுத்தது. இதில் நான் கவனிப்பது, அந்த உதாரணத்தில் அளவை முடிவு செய்பவர் மல்லன் இல்லை, பயிற்சியாளர்.

உடற்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடைமுறை உண்மை: தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. இரண்டு கண்ணாடி வைத்தாலும் கழுத்தைத் திருப்பினால் முதுகு மாறிவிடும். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மினசோட்டாவில் நடந்ததைப் படித்த பிறகு, பசியில் இருப்பவனுக்கு முதுகு மட்டுமில்லை, மனசும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தான் சுருங்குவது அவனுக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் சத்தமாகப் பேசுகிறார்கள், மற்றவர்கள்தான் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்று தோன்றும்.

மாஸ்டரிடம் ஒரு விதி இருக்கிறது. பெஞ்சில் தூக்குவது பத்து கிலோ விழுந்தால் அன்றைக்கே கட்டிங்கை நிறுத்தி ஒரு வாரம் சாப்பாட்டை ஏற்றச் சொல்வார். எடை எந்திரம் எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் சரி. தசை போகிறது என்பதற்கு அது அறிகுறி. மற்றவற்றுக்கும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று எனக்குப் பட்டது. பொறுமை, பேச்சு, நீளமான ஒரு கதையை முழுதாக வாசிக்கும் கவனம் – இவையும் பயன்படுத்தினால்தான் தங்கும். வரவு குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது இவைதான். கட்டிங்கில் இருப்பவன் கல்யாணத்துக்குப் போக மாட்டான், நண்பனோடு டீக்கடையில் நிற்க மாட்டான், வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அறைக்குள் போய்விடுவான். பார்க்கப் போனால் அது சோற்றிலிருந்து தப்பிப்பதற்காக. ஆனால் பளு தூக்காத தசை எப்படிப் போகுமோ, அப்படித்தான் அந்த உறவுகளும் போகும்.

அதனால் அவற்றுக்கும் பளு ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவோடு உட்கார்ந்துதான் சாப்பாடு, என் தட்டில் நூற்றைம்பது கிராமே இருந்தாலும். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் பந்தி பரிமாறிவிட்டு வருவேன். இரவில் பத்துப் பக்கம் வாசிப்பேன். வரி மனதில் நிற்கவில்லை என்றால் அதை நோட்டில் குறித்துக்கொள்வேன், புரதக் கணக்குக்குப் பக்கத்திலேயே. இதெல்லாம் எவருக்கும் பொதுவான அளவு இல்லை. வேறொருவருக்குக் காக்க வேண்டியது வேறாக இருக்கும். ஆனால் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை எழுதியே ஆக வேண்டும், வயிறு நிறைந்திருக்கும்போதே. பசித்த பிறகு எழுதினால் பட்டியல் தானாகச் சிறியதாகிவிடும்.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் சின்னது. ‘யார் மேலயும் கோவம் இல்லம்மா. தை பொறந்தா முடிஞ்சிடும்.’ அவர் முகம் மாறியது. ‘அப்ப நாளு இருக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன’ என்றார். முடிவு நாள் இல்லாத பசிதான் அவருக்குத் தெரிந்த பட்டினி. முடியும் நாள் உள்ளது விரதம், அதற்கு எப்படித் துணை நிற்பது என்று அவருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து முட்டையை அவரே அவித்து, எண்ணி, மூடி வைத்தார். நான் எரிந்து விழுந்தால் ‘இன்னும் எத்தன நாளுடா?’ என்று நாள்காட்டியைப் பார்ப்பார். அது கேலியா எச்சரிக்கையா என்று சில நாள் தெரியாது. எதுவாக இருந்தாலும் அன்றைக்கு இரவு சோற்றை ஐம்பது கிராம் கூட்டிக்கொள்வேன்.

லோடு வேலை செய்யும் அண்ணனுக்கு அந்தப் போட்டியில் நான்காவது இடம். அடுத்த வருடமும் நிற்கப் போகிறார். இந்தமுறை தண்ணீரை நிறுத்துவதில்லை என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். கோடு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் தெரியட்டும் என்கிறார். ‘பெரிய பொண்ணு பாக்க வரேன்னுது. படியில நான் தடுமாறி ஏறுறத அது பாக்கக்கூடாது தம்பி.’ போன வாரம் அவர் பின்னால் நின்று முதுகைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன். என் முதுகையும் திருப்பிக் காட்டினேன்.